வீட்டுப் பட்டறை: ஷெட்டில் தூங்கும் அப்பாவின் புல்லட்டை எழுப்புவது எப்படி?

தீபாவளி முடிந்ததும் சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் கதவடைத்துவிடும். மாதக்கணக்கில் ஓயாமல் ஓடிய கைகளுக்கு அப்போதுதான் ஓய்வு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் மாடிப்படிக்கு அடியிலோ, மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ நிற்கும் அந்த வண்டி கண்ணில் படும். மேலே சாக்கு, சாக்குக்கு மேலே கோழிக்கூடை. அப்பா ஓட்டிய புல்லட். அல்லது தாத்தா வைத்திருந்த யெஸ்டி.

உடனே வீட்டில் கட்சி பிரிந்துவிடும். "இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது, எடைக்குப் போட்டுரலாம்" என்பார் அம்மா. "அப்பாவோட வண்டிம்மா, எப்படிப் போடுறது?" என்பார் அண்ணன். யூடியூப் பார்த்த தம்பி மட்டும், "இது லட்சக்கணக்குல போகும்ணே" என்று புதுக் கணக்கு சொல்வார். மூவருமே ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ஓடித் தேய்ந்தவை கிடையாது. நின்று நின்று கெட்டவை. கெட்ட இடம் எதுவென்று தெரிந்துவிட்டால், எழுப்புகிற வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

இந்த ஊர் மண்ணும் அதற்கு ஒத்துழைக்கிறது. கந்தக பூமி என்று பெயர் வாங்கிய இந்தக் கரிசல் காட்டின் வறண்ட காற்றுதான் இங்கே தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. அதே காற்று இரும்பையும் காப்பாற்றும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு மட்கார்டு பொரிந்து போவதுபோல் இங்கே சீக்கிரம் போகாது. ஆனால், வெயில் ரப்பரைச் சும்மா விடாது. டயர், பெட்ரோல் குழாய், கேபிள் உறை எல்லாம் வெடித்துக் கிடக்கும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் கரிசல் தூசு கொட்டும்.

சரி, ஷெட்டில் நிற்பது எந்த வண்டி? 1980-ல் வந்த டிவிஎஸ் 50 இந்தப் பக்கத்தில் இல்லாத தெரு குறைவு. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 1996-ல் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவாவின் யெஸ்டியும் அங்கங்கே இருக்கிறது. இருந்தாலும், வீட்டில் ரிப்பேர் கற்றுக்கொள்ள புல்லட்டை மிஞ்சிய வாத்தியார் கிடையாது. காரணம், அது பிறந்த கதை.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவம் கொடுத்த ஆர்டர்தான் அதற்குப் பிள்ளையார் சுழி. இங்கிலாந்து கம்பெனி 1970-களின் தொடக்கத்துக்குள் மூடிப்போனது. திருவொற்றியூர் ஆலையோ கிட்டத்தட்ட அதே எஞ்சினை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வார்த்துத் தள்ளியது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பேரல், பல காலம் வலது காலில் கியர். அரை நூற்றாண்டுக்கு ஒரே எஞ்சின் என்பதால், 1970-களின் வண்டிக்குத் தேவையான பல பாகங்களை 1990-களின் வண்டியிலிருந்தே எடுத்து மாட்டலாம். மதுரையில் கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்துவிடும்.

முதலில் உதைக்க வேண்டாம்

சாக்கை விலக்கியதும் எல்லோரும் செய்வது, கிக்கரில் ஏறி நிற்பதுதான். பத்து வருடம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். ரிங் ஒட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் ஓங்கி உதைத்தால் சுவரில் கீறல் விழும். அதற்குப் பிறகு போர் போடும் செலவு.

பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் இக்னிஷனை ஆஃப் செய்து, பிளக் இல்லாமலேயே, கையால் கிக்கரை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்ல சேதி. அசையவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுக்கலாம். பழைய எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

டேங்க்கில் இருப்பது பெட்ரோல்தானா?

அடுத்தது டேங்க். உண்மையான வேலையும் உண்மையான ஆபத்தும் இங்கேதான்.

மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடைக்குப் பதில் பழைய வார்னிஷ் வாடை வந்தால், அது கெட்டுப்போன பெட்ரோல். முன்பெல்லாம் ஆறு மாதம் நின்றாலும் வண்டி முனகிக்கொண்டே கிளம்பிவிடும். இப்போது அப்படி இல்லை. 2023-ல் சில ஊர்களில் தொடங்கி 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் படியும். அடித்தகடு துருப்பிடிக்கத் தொடங்குவது அங்கிருந்துதான். பழைய பெட்ரோல் குழாய், பெட்ரோல் காக்கின் வாஷர், கார்புரேட்டரின் ஓ-ரிங் எல்லாம் இந்தக் கலவை வருமென்று தெரியாத காலத்தில் செய்யப்பட்டவை. அவை ஊதும், இளகும், கசியும். கசிவது சூடான எஞ்சினுக்கு மேலே என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலுக்கு அளந்த கணக்கிலேயே அனுப்பும். வண்டி கொஞ்சம் 'வறட்சியாக' ஓடும், சூடு ஏறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை காபித்தூள் நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கச் சொல்லி மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்கலாம்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். இங்கே பட்டாசு வட்டாரத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது, இரும்புக் கருவி பொறி கிளப்பும், ஓர் அறையில் கூட்டம் சேரக் கூடாது என்பதெல்லாம் ஆலை வாசலுக்குள் பாடமாகப் படித்தவை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆள் வீட்டுக்கு வந்ததும் பூஜை அறைக்கு நாலடி தள்ளி பெட்ரோலை வாளியில் வடிப்பார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, படி இறங்கி, விளக்கோ அடுப்போ இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. விருதுநகர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வேலை வெட்டவெளியில், பகலில். வேலைக்குப் போன உடுப்போடு வண்டி பக்கம் வரக் கூடாது. துணியில் அலுமினியத் தூளோ மருந்தோ ஒட்டியிருக்கலாம். குளித்து மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஆலை சம்பந்தப்பட்ட திரி, மருந்து எதுவும் வீட்டில் இருக்கவே கூடாது; அது சட்டப்படியும் குற்றம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஆலையிலேயே அப்படியென்றால், வீட்டு ஷெட் எம்மாத்திரம்? வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு வினை. அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டால், சாமான் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

டேங்க்கின் துருவுக்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. வினிகரை நிறைய ஊற்றி ஓரிரு நாள் ஊறவைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் உடனே காயவைக்க வேண்டும்; விட்டால் மதியத்துக்குள் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும். டேங்க்கில் ஓட்டை விழுந்திருந்தால் தெருமுனை வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. காலி டேங்க் என்று நாம் நினைப்பது ஆவி நிரம்பிய டேங்க். நிறைந்த டேங்க்கைவிட அதுதான் வெடிக்கும். டேங்க் வேலையே செய்கிறவர்கள் அதைப் பலமுறை கழுவி, ஆவி இல்லையென்று உறுதி செய்த பிறகே தீயைக் காட்டுவார்கள்.

குழாயை எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிக் காசுதான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தீப்பெட்டிப் பட்டை வைத்தியம்

ஸ்பார்க் வரவில்லையா? பழைய புல்லட்டில் சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் பாயின்ட். இரண்டு சின்ன உலோக முனைகள் சேர்ந்து பிரியும்போதுதான் காயிலில் மின்சாரம் எகிறி பிளக்கில் பொறி விழும். வண்டி நின்றிருந்த காலத்தில் அந்த முனைகளில் படலம் படிந்திருக்கும்.

நடுரோட்டில் வண்டி நின்றால் அந்தக் காலத்தில் ஒரு வைத்தியம் உண்டு. தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையைக் கிழித்து, பாயின்ட் நடுவே விட்டு இரண்டு தேய்ப்பு. வண்டி கிளம்பிவிடும். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டியைக் கொண்டுவந்த ஊரில், இந்த வைத்தியத்துக்கு ஒரு மரியாதை இருக்கலாம். வீட்டில் செய்யும் வேலைக்கு அது ஆகாது. அந்தப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும். தேய்த்ததில் கொஞ்சம் முனையிலேயே ஒட்டிக்கொள்ளும், மின்சாரத்தை மறிக்கும். ஒரு வாரத்தில் வண்டி மறுபடி மக்கர் செய்யும்.

நைஸ் எமரித் தாளால் மெல்லத் தேய்த்து, பிறகு கனமான வெற்று அட்டையை முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் பொடியெல்லாம் வந்துவிடும். அச்சிடாத அட்டையாக இருக்க வேண்டும். காலண்டர் வெட்டிய ஓரங்களுக்குச் சிவகாசியில் பஞ்சமா என்ன? அடுத்து இடைவெளி. பாயின்ட் முழுக்கத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணளவு இங்கே எடுபடாது.

டேப்பட் விஷயத்தில் இந்த வார்ப்பிரும்பு எஞ்சின் கேஜ்கூடக் கேட்பதில்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும் நிலையில், பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ்ராடை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. விரலுக்குத் தெரிகிற இந்த வித்தையைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லியும் கொடுக்க வேண்டும்.

இனி உதைக்கலாம். அதற்கும் முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் மேலுள்ள ஆம்மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, இடது கையால் டீகம்ப்ரஸரை அழுத்திக் கிக்கரை இன்னும் ஒரு பொட்டு கீழே நகர்த்தி, டீகம்ப்ரஸரை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழு உதை. பாதி உதை கூடாது. 'புல்லட் திருப்பி உதைக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது கதை இல்லை. டைமிங் தப்பியிருந்தால் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். செருப்புக் காலோடு ஏறி நிற்பவர்களுக்கு இது தனி எச்சரிக்கை.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆர்எக்ஸில் 2டி ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகப் போகும். வண்டி நின்ற காலத்தில் அந்த வழியில் காற்று அடைத்திருக்கலாம் என்பதால், முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி கலந்துவிட்டால் பிஸ்டன் பிழைக்கும். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான் என்பதால் பழக்கமில்லாதவர் முதலில் கொஞ்சம் திணறுவார். சைலன்சர் கார்பனை எடுக்க அதைத் தீயில் வாட்டுகிற பழக்கத்தை விட்டுவிடலாம். கம்பியும் சோப்புச் சுடுதண்ணீரும் போதும்.

கிளம்பிவிட்டது என்று உடனே மெயின் ரோட்டுக்குப் போய்விடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2312 என்றால் 2012-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். மழை ரோட்டில் பிடிக்காது. நான்கு இலக்கமே இல்லையென்றால் டயர் 2000-க்கு முந்தையது, யோசிக்கவே வேண்டாம். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம்.

வண்டிக்கு உயிர் வந்தது, ஆர்.சி-க்கு?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஆயிரக்கணக்கில் சாமான் வாங்கிப் போடும் முன்பே ஆர்.சி புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய்.

அப்பா இறந்து, வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால்? உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்று மாதத்தில் வண்டியின் நினைவே யாருக்கும் வந்திருக்காது. தாமதமானாலும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம். மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே இதை முடிப்பது புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் பிறகு தானாக நடக்கும்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதியின்படி அதை 'விண்டேஜ்' வண்டியாகப் பதியலாம். எண் பலகையில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அதைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி போன்றவற்றுக்கு மட்டும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்ட நினைப்பவர்களுக்குச் சாதாரண ஆர்.சி-யே மேல்.

விண்டேஜ் பதிவுக்கு வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. தம்பிமார்களின் கை அரிப்பு இங்கேதான் இடிக்கும். ஹேண்டில்பாரை மாற்றி, சைலன்சரை வெட்டி, டேங்க்குக்கு மேட் கறுப்பு அடித்துவிட்டால் அப்பாவின் வண்டி போய்விட்டது என்றே அர்த்தம். பழைய புல்லட் டேங்க்கின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோடு ஆலையில் கையால் இழுத்தது. வெயிலில் மங்கியிருந்தாலும் அது கிடக்கட்டும். மெழுகு தேய்த்துத் துடைத்தாலே பாதி பளபளப்பு திரும்பிவிடும்.

எழுப்பிய வண்டியை மறுபடி தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்ச வேலை. தினமும் வாசலில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பராமரிப்பு ஆகாது. எஞ்சின் சரியாகச் சூடேறாமல் உள்ளே ஈரம் கோத்து ஆயிலைக் கெடுக்கும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட வேண்டும். ஊருக்குப் போவதாக இருந்தால், பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்க்கையே வடித்துவிடலாம்.

அரைமணி நேர ஓட்டத்துக்குச் சிவகாசிக்காரர்கள் தூரம் தேட வேண்டியதில்லை. 25 கிலோமீட்டர் சுமாருக்கு விருதுநகர், போனால் எண்ணெய் பரோட்டா. சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் வண்டிக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்க்க வேண்டும். புல்லட் நின்ற இடத்தில் இரண்டு மூன்று சொட்டு ஆயில் இருந்தால் கவலை வேண்டாம், அது அந்த வண்டியின் சுபாவம். பரோட்டாக் கல்லில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால் மட்டும், வீட்டுக்கு வந்து டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றிவிடவும்.